தாளிக்காத வீடு

"என்னய்யா சாப்ட்ட?"

கேம்ப் வாசலில் வேனை விட்டு இறங்கும்போதே எதிரில் வருகிறவரிடம் ஜெயமணி கேட்டுவிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "சாப்ட்டேன்னு பொய் சொல்லிருவானுவ. என்ன சாப்ட்டன்னா முழிப்பானுவ" என்பார். முழிப்பவர் கையில் ஒரு டம்ளர் ரசம் வந்துவிடும்.

பின்னாலேயே அவர் கணவர் பாஸ்டர் ஜெபசிங் பாடிக்கொண்டே வேன் கதவைச் சாத்துவார். நாசரேத்திலிருந்து குவைத்துக்கு ஊழியம் செய்ய வந்த தம்பதி. காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் மங்காஃபைச் சுற்றியுள்ள தொழிலாளர் கேம்ப்புகள், வெள்ளிக்கிழமை ஆராதனை. பாஸ்டர் பாட்டில் சுருதி சேராது. "கர்த்தர் மனசத்தான் கேக்காரு" என்பார். "நாங்க கொரலையும்லா கேக்கோம்" என்பார் ஜெயமணி.

ராக்கப்பன் இவர்களை எட்டவே வைத்திருந்தார். சிவகங்கைப் பக்கத்து ஆள். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர். "ரசத்தக் குடுத்து ஆளப் பிடிக்கிறாக" என்று அறையில் சொல்லிச் சிரிப்பார். வேன் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வார்.

2005இல் வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் அவருக்கு அம்மை போட்டது. முகம், முதுகு, உள்ளங்கை எங்கும் முத்து. அறைக்காரர்கள் பயந்துபோய், சிமெண்ட் மூட்டை அடுக்கும் தகர ஷெட்டில் அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். பகலில் தகரம் கொதித்தது.

கேள்விப்பட்ட ஜெயமணி நேரே ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"வராதீகம்மா! ஆத்தா எறங்கியிருக்கா" என்று ராக்கப்பன் பதறினார்.

"ஆத்தாள இந்தத் தகரத்துலயா வைப்பாக? எந்திரிய்யா, வீட்டுக்குப் போவோம்."

கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். "ஆள வெளிய விட எனக்கு அதிகாரம் இல்ல, மாஃபி பாஸ்டர்" என்றார். ஷெட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் தொழுவப் போறேன். திரும்பி வரும்போது வேன் இங்க நிக்கக் கூடாது. அவ்வளவுதான், கலாஸ்."

மங்காஃபில் அவர்களுக்கு இருந்தது ஒரே படுக்கையறை. அது ராக்கப்பனுக்குப் போனது. கணவனும் மனைவியும் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்கள்.

"வேப்பிலை இல்லாம ஆத்தா தணிய மாட்டாம்மா. வீட்டுல தாளிக்கவும் கூடாது..." என்று ஆரம்பித்த ராக்கப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிர்ச் சுவரில் சிலுவை தொங்கியது. பாஸ்டர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கெங்கோ அலைந்து, சட்டையெல்லாம் வேர்வையாக, ஒரு கட்டு வேப்பிலையோடு திரும்பினார். ஜெயமணி அதைப் படுக்கையில் பரப்பினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத பாஸ்டர், கஞ்சியும் தயிருமாகக் குடித்துவிட்டு, "தொந்தி கொறையுதுல்லா" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

மதம் மாறச் சொல்லும் பேச்சு எப்போது வரும் என்று ராக்கப்பன் காத்துக் கிடந்தார். வரவே இல்லை. பொறுக்காமல் அவரே கேட்டார்: "ஏம்மா, எனக்காக ஜெபம் பண்ண மாட்டீகளா?"

"பண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். ஒனக்குக் கேக்கணுமாக்கும்?"

காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு மதியம். அரிப்புத் தாங்காமல் புரண்டவரை ஜெயமணி வேப்பங்கொத்தால் மெல்ல வருடிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குச் சின்ன வயசுலயே போட்டிருச்சாம்மா?"

"இன்னும் போடலய்யா."

ராக்கப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இந்த வயசுல போட்டா உசுருக்கே ஆபத்தாச்சேம்மா!"

"அதுக்கு?" என்றார் ஜெயமணி. "படு, முத்து ஒடஞ்சிரும்."

ஊரில் சாமி இறங்கி ஆடுகிறவர்கள் எதிரே நிற்கும்போது ராக்கப்பனுக்கு முதுகில் ஒரு நடுக்கம் ஓடும். மங்காஃபில், நூல் புடவை கட்டிய இந்த அம்மாளின் எதிரிலும் அது ஓடியது. கைகள் தாமாகக் குவிந்தன. ஜெயமணி அதைக் கவனிக்கவில்லை; முழங்கையில் ஒட்டிய இலையை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெயமணிக்கு அம்மை போடவில்லை. ஏன் என்று ராக்கப்பனுக்கு இன்றும் விளங்கவில்லை. ரெண்டு சாமியும் பேசி வைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அவர் கேம்ப்புக்குக் கிளம்பினார். விரல்கள் இன்னும் மடங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவின் கயிற்றோடு போராடினார். பாடிக்கொண்டே வந்த பாஸ்டர் பாட்டை நிறுத்தினார். கால்சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, முனகலோடு மண்டியிட்டார்.

"ஐயய்யோ, வேணாங்கய்யா!" ராக்கப்பன் காலை உள்ளே இழுத்தார்.

பாஸ்டர் அந்தக் காலைப் பிடித்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு கையை நீட்டினார், அடுத்த காலுக்கு.