மர்டோ கெடிஸ் தோற்க முயன்ற நாள்

எங்கள் கடலோர ஊரான கிரேக்முயரின் நகராட்சி கோல்ஃப் மைதானத்தின் பதினோராவது குழியில், போன ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மர்டோ கெடிஸ் செத்துப்போனார். பதினோரு மணி நாலு நிமிடத்துக்குத் திரும்ப வந்தார். இடைப்பட்ட பத்தொன்பது நிமிடமும் அவருடைய நெஞ்சை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தவர், அவரோடு ஆடிக்கொண்டிருந்த எர்ச்சி லம்ஸ்டன். எர்ச்சி தொழிலால் பிளம்பர். அடைப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அது விடுகிறவரை கையை எடுக்கக் கூடாது என்பது அவர் நாற்பது வருடமாகக் கடைப்பிடித்து வந்த கொள்கை. மூன்று விலா எலும்பு முறிந்தது. எர்ச்சி அதைப் பெரிதுபடுத்தவில்லை, எலும்பு மர்டோவுடையது.

அந்த நேரம் பின்னால் நான்கு பேர் ஆடக் காத்திருந்தார்கள். எங்கள் ஊரில், பின்னால் வருகிறவர்களைக் காக்க வைப்பது திருட்டுக்கு அடுத்தபடியான குற்றம். எர்ச்சி அமுக்குவதை நிறுத்தாமல், "நீங்க தாண்டிப் போங்கப்பா" என்று தலையை மட்டும் ஆட்டினார். அவர்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மர்டோவை மிதிக்காமல் ஓரமாக வந்து, சத்தமில்லாமல் ஆடிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் அந்தக் குழியை மூன்றே அடியில் முடித்தார் என்று கேள்வி.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய மனிதர் மர்டோ. அந்தக் காலத்தில் யாரிடமும் அவர் ஒரு நல்ல வார்த்தை பேசியதாகத் தகவல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஆளே மாறிப்போனார். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல ஆரம்பித்தார். குப்பை எடுக்க வந்தவர்களுக்கு வாசலில் நின்று நன்றி சொன்னார். ஆட்டிறைச்சிப் பணியாரம் சூடாக இருந்தது என்று அடுமனைக்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜூலை மாதம் முழுக்க மழை பெய்தது. நல்ல மழை என்றார். ஊர் கலங்கிவிட்டது. மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்த நேரத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவரால் நன்றி சொல்ல முடியவில்லை. அது எர்ச்சி.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு பாட்டில் நல்ல விஸ்கியோடு எர்ச்சி வீட்டுக்குப் போனார். எர்ச்சி பாட்டிலைத் திறந்து, இரண்டு பேருக்கும் ஊற்றி, காலியாகும் வரை சாக்கடைக் குழாய்களின் விட்டத்தைப் பற்றிப் பேசினார். அடுத்து ஒரு கடிதம் எழுதிப் போட்டார். "தபால்ல ஏதோ வந்துச்சு. இப்பல்லாம் தபாலே சரியில்லடா" என்று சொல்லி எர்ச்சி பேச்சை மாற்றினார். ஒரு நாள் துறைமுகத்தில் வைத்து, "எர்ச்சி, அன்னிக்கு நீ..." என்று நேரடியாகவே தொடங்கினார். எர்ச்சி சட்டென்று குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ், கயிறே கிடையாது. இருந்தாலும் நெடுநேரம் கட்டினார்.

இப்படியே ஒரு வருடம் ஓடிற்று. நன்றி மர்டோவின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. ராத்திரி சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவைத்தார். அவருடைய மனைவி நெட்டாவுக்கு அலுத்துவிட்டது.

"ரெண்டு எழுத்தா, மூணு எழுத்தா? வாயைத் திறந்து சொல்லிட்டு வாயேன்" என்றாள்.

"சொன்னா அவன் தாங்கமாட்டான், நெட்டா."

"மூணு எலும்பை ஒடைச்சவன் ஒரு வார்த்தையைத் தாங்கமாட்டானா?"

"எலும்பு வேற. இது வேற."

அப்போதுதான் மர்டோவுக்கு அந்த யோசனை வந்தது.

ஒவ்வொரு ஜூன் முதல் சனிக்கிழமையும் மர்டோவுக்கும் எர்ச்சிக்கும் ஒரு போட்டி நடக்கும். கணக்கு எளிது: பதினெட்டுக் குழி, ஒவ்வொரு குழியிலும் குறைந்த அடியில் பந்தைப் போட்டவருக்கு அந்தக் குழி, அதிகக் குழி எடுத்தவர் வென்றவர். இருபத்து மூன்று வருடம் நடந்ததில் எர்ச்சி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இருபத்து நான்காவதான போன வருடத்து ஆட்டம், ஆடியவரில் ஒருவர் நடுவில் இறந்துவிட்டபடியால் 'முடிவில்லை' என்று பதிவாகியிருக்கிறது. இந்த வருடம் தோற்றுவிடுவது என்று மர்டோ முடிவு செய்தார். வாயால் சொல்ல முடியாததை மட்டையால் சொல்லிவிடலாம். இருபத்து மூன்று வருட ஏக்கம் தீர்ந்த எர்ச்சியின் முகத்தைப் பார்த்தால் தொண்டை முள் இறங்கிவிடும்.

இப்படி ஒரு யோசனை எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே வரும். வேறு எங்காவது என்றால் ஆளைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் முதல் குழிக்கு வந்தார்கள். ஆட்களை வரிசைப்படி ஆட அனுப்பும் ரோனா மட்ச் தன் மரக்கூண்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"மர்டோ, இன்னிக்கு முழுசா ஆடி முடிப்பியா? இல்ல, பாதியில கிளம்பிடுவியா? பின்னால கூட்டம் இருக்கு."

"முடிச்சுடறேன், ரோனா. கேட்டதுக்கு ரொம்ப நன்றி."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டான்" என்று அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

முதல் குழியின் இடது பக்கம் ஊர்ப் பெண்கள் துணி காயப்போடும் கம்பங்கள் இருக்கின்றன. கோல்ஃபுக்கு முன்னாலிருந்தே அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை. படுக்கை விரிப்பில் பந்து பட்டால் அடித்தவன் குழியை இழப்பதோடு விரிப்பையும் துவைத்துத் தர வேண்டும் என்பது மைதான விதி. மர்டோ நேராக விரிப்புகளைக் குறிவைத்தார். ஆனால் தோற்கப்போகிறோம் என்ற நிம்மதியில் உடம்பு இளகிப்போயிருந்தது. நாற்பது வருடமாக வராத லயம் தோளில் வந்து உட்கார்ந்தது. பந்து வெண்ணெய் மாதிரி கிளம்பி, கம்பங்களின் மேலே வளைந்து, நட்டநடுப் புல்லில் போய் இறங்கிற்று.

"அடப்பாவி" என்றார் எர்ச்சி மரியாதையாக.

அதற்கப்புறம் நடந்தது மர்டோவின் வாழ்க்கையிலேயே பெரிய அவமானம். வேண்டுமென்றே மணற்குழிக்குள் அடித்தார். வெளியே எடுத்த பந்து உருண்டுபோய்க் குழிக்குள் விழுந்தது. ஐந்தாவதில் முட்புதரைப் பார்த்து அடித்தார். கடற்கரைப் பாதையில் நின்ற அறிவிப்புப் பலகையில் பட்டுத் திரும்பிவந்தது. பத்தாவது முடிந்தபோது நான்கு குழி முன்னால் இருந்தார். இவ்வளவு மோசமாக அவர் எதிலும் தோற்றதில்லை; தோற்பதிலேயே தோற்றுக்கொண்டிருந்தார்.

எர்ச்சியின் ஆட்டமோ படுமோசம். அடிக்கும்போது பந்தைப் பார்க்காமல் மர்டோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. உன் மூஞ்சி என்ன கலர்ல இருக்குன்னு பாத்தேன்."

"என்ன கலரு?"

"வழக்கமான கலர்தான். அசிங்கமா இருக்கு."

பதினோராவது வந்தது. போன வருடம் மர்டோ விழுந்த இடத்தை இரண்டு பேரும் சுற்றி நடந்தார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. எர்ச்சியின் பந்து புதருக்குள் போய்விட, அவர் தேடப் போனார். நனைகிறதே என்று மர்டோ எர்ச்சியின் மட்டைப் பையைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. இவன் உள்ளே குழாயை ஏதாவது வைத்திருக்கிறானா என்று பையின் வாயைத் திறந்து பார்த்தார். பாதி மட்டைகளைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சள் பெட்டி ஒன்று குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. நின்ற நெஞ்சை மின்சாரம் பாய்ச்சி ஓட வைக்கிற கருவி. போன வருடம் நடந்ததற்குப் பிறகு ஊர் பழைய சாமான் விற்று வாங்கி ரோனாவின் கூண்டில் மாட்டிவைத்தது அது.

ஆறே மட்டையோடு ஆடுகிறான். அதுவும் தோளில் இந்தக் கனத்தோடு.

மர்டோ சத்தமில்லாமல் பையை மூடினார். கண்ணில் தூறல் பட்டதால் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டார். இனிமேல் தோற்பதில் எந்த விளையாட்டுக்கும் இடமில்லை.

பதினோராவதைச் சமன் செய்தார்கள். பன்னிரண்டாவதில் மர்டோ மணலுக்குள் மூன்று தடவை வீசினார். பதிமூன்றாவதில் கடலுக்குள் அடித்தார். பதினைந்தாவதையும் எப்படியோ பாடுபட்டு விட்டுக்கொடுத்தார். பதினேழாவதுக்கு வரும்போது ஒரே குழிதான் முன்னால் இருந்தார். அங்கே அவருடைய பந்து குழியிலிருந்து ஒன்பது அங்குலத்தில் நின்றது. எர்ச்சி போட்டு முடித்தாயிற்று. இதைப் போட்டால் இந்தக் குழியும் சமன். மர்டோ குனிந்தார், மூச்சை இழுத்தார், தட்டினார். பந்து குழியின் ஓரத்தைக்கூட எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று.

ஆட்டம் இப்போது சரிசமம்.

"டேய்" என்றார் எர்ச்சி. "என்னடா அது?"

"காத்துல தள்ளிடுச்சு."

"ஒம்போது அங்குலத்துல காத்தா? ஊர்ல இருக்கற பந்தையெல்லாம் விட்டுட்டு உன் பந்தைத் தேடி வந்து தள்ளுச்சா?"

"கை நழுவிடுச்சுடா..."

"பதிமூணாவதுல கடல்ல அடிச்ச. கடல் எங்க இருக்குன்னு தெரியாதா உனக்கு? நீ பொறந்ததுலேர்ந்து அறுபத்து மூணு வருஷமா அங்கயேதாண்டா இருக்கு! வேணும்னே தோக்கற. நோயாளி மாதிரி என்னைத் தடவிக் கொடுக்கறியா? இருபத்து மூணு வருஷம் நேர்மையாத் தோத்தவண்டா நான். என் பேரைக் கெடுக்கப் பாக்கறியா?"

"உனக்கு நன்றி சொல்லத்தாண்டா தோக்கறேன், மடையா!" என்று மர்டோ கத்தினார். "வேற எப்படிச் சொல்றது? வாயைத் திறந்தா நீ இல்லாத கயித்தைக் கட்டற!"

வார்த்தை வெளியே வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சட்டையில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி. ஒரு கடற்காக்கை கொடிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்து, நிலைமை சரியில்லை என்று தெரிந்து எழுந்து போய்விட்டது.

எர்ச்சி தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மூணு மாசம் என் கை நடுங்கிச்சுடா" என்றார். "ஒரு குழாயை இறுக்க முடியல. கண்ணை மூடினா நீ நீலமாக் கெடக்கற. எண்ணிக்கிட்டே அமுக்கறேன். எங்க விட்டேன்னு தெரியல. நீ ஒவ்வொரு தடவ நன்றின்னு வரும்போதும் நான் திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும். அதான் கேக்க முடியல. போதுமா?"

"எனக்குத் தெரியாதுடா."

"எப்படித் தெரியும்? செத்துல்ல கெடந்த." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ எழுந்து நடமாடறதைப் பாத்தாத்தான் எனக்கு அந்தக் கணக்கு முடியுது. நீ என்னடான்னா பிணம் மாதிரி ஆடற."

"இப்ப என்ன செய்யணும்ங்கற?"

"உயிரோட இருக்கறவன் மாதிரி ஆடு. பழைய மர்டோ எப்படி ஆடுவான்? ஈவு இரக்கமில்லாம. அப்படி."

"இந்தக் குழியைத் திரும்ப ஆடிடலாமா?"

எர்ச்சி அதிர்ந்துபோனார். "விதி என்ன சொல்லுது? இது என் குழி. நான் வச்சுக்கறேன். போ, பதினெட்டு."

பதினெட்டாவது கடல் காற்றை எதிர்த்து நேராக ஊருக்குள் வருகிற குழி. மர்டோ தோற்க நினைக்கவில்லை. ஆகவே நிம்மதி போயிற்று, தோள் இறுகிற்று, முதல் அடி கோணலாகப் போயிற்று. பழைய மர்டோ வாய்க்கு வந்தபடி திட்டினார். அதைக் கேட்டு எர்ச்சியின் முகம் ஒரு வருடத்துக்குப் பிறகு மலர்ந்தது. அவர் பந்தைப் பார்த்தே அடித்தார்; நன்றாகவும் அடித்தார். ஆளுக்கு மூன்று அடியில் இரண்டு பந்தும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்கு வந்து சேர்ந்தன. எர்ச்சி தட்டிய பந்து குழியின் உதட்டைச் சுற்றி வந்து, யோசித்து, வெளியிலேயே நின்றுவிட்டது. அதை இன்னும் ஒரே அடியில் போட்டதாக மர்டோ ஒத்துக்கொண்டார். மர்டோவின் பந்து குழிக்கு நான்கு அடி தூரத்தில்; போட்டால் ஆட்டம் அவருக்கு. இந்தத் தூரத்தை நண்பர்கள் 'போட்டதா வச்சுக்க' என்று விட்டுக்கொடுப்பது உண்டு. மர்டோ நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைப் பாக்காத" என்றார் எர்ச்சி. "போட்டுக் காட்டு."

மர்டோவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்கிறதே என்று அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு சந்தோஷம். அன்று அவ்வளவு நேரமும் வேண்டாம் வேண்டாம் என்றிருந்த வெற்றி இப்போது வேண்டும் வேண்டும் என்றிருந்தது. ஜெயிக்க வேண்டும். எர்ச்சியை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். தட்டினார். பந்து போகிற போக்கில் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து, சரி போகட்டும் என்று உள்ளே விழுந்தது.

"நாசமாப் போறவனே!" என்று எர்ச்சி கூவினார். "நன்றி கெட்டவனே! உன்னை அங்கயே விட்டுருக்கணும்! இருபத்து நாலுடா, இருபத்து நாலு!" திட்டிக்கொண்டே வந்தார். இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் திட்டி அந்த மைதானம் கேட்டதில்லை.

ஆட்டம் முடிந்தால் கை கொடுக்க வேண்டும். ஒரு குலுக்கு, கண்ணைப் பார்க்காமல். அதற்குமேல் எங்கள் ஊரில் நாகரிகமில்லை. எர்ச்சி மர்டோவின் கையைப் பிடித்தார். விடவில்லை. இரண்டு விரல் மணிக்கட்டு நாடிக்கு நகர்ந்தது. எர்ச்சியின் உதடு மெல்ல அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு பேர் அடிக்கக் காத்திருந்தார்கள். ஒருவர் இருமினார்.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றார் எர்ச்சி. "கொஞ்சம் ஜாஸ்தி. ஜெயிச்ச திமிரு."

"சரியா எண்ணினியாடா?"

"தெரியல. இன்னொரு தடவ பாக்கறேன்."

மர்டோ கையை இழுத்துக்கொள்ளவில்லை. பின்னால் காத்திருந்தவர்களைப் பார்த்து, தாண்டிப் போங்க என்று தலையை மட்டும் ஆட்டினார்.