மீன் தலையும் கண்டி ஹொஸ்டலும்

எங்கள் வீட்டில் பயணம் என்று பேச்செடுத்தாலே சண்டை ஒன்றும் கூடவே கிளம்பும். நான் ஹொஸ்டல் என்பேன், என் மனிசன் ஹோட்டல் என்பார். இந்த வயதுக்குத் தனி அறை, கையில் சாவி, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் என்று அவர் விரல் மடக்குவார். தனி அறையில் குந்தியிருந்து சுவரைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது என்று நான் கேட்பேன். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், கலியாணம் முடிந்து நாலாம் மாதம், இதே சண்டையை நாங்கள் தலைகீழாகப் பிடித்தோம். அன்றைக்கு ஹோட்டலுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான்.

கல்முனைக்குடியில் எங்கள் வழக்கப்படி, கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இவர் அட்டாளைச்சேனைக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஒரு சூட்கேசும் ஒரு குடையும் கொண்டு வந்தார். குரலை மட்டும் தன் உம்மா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார் போல. நாலு மாதமாக அந்த மனிசன் எங்கள் வீட்டில் குசுகுசுத்தாரே தவிரக் கதைக்கவில்லை. என்னை "நீங்க" என்பார். தண்ணீர் வேண்டுமென்றால் இருமுவார். சிரிப்பு வந்தால் அதையும் கொடுப்புக்குள் அடக்கிக்கொள்வார்.

பகல் சோறு அவருக்கு மட்டும் முன் அறையில், மேசையில். உம்மா குழம்புச் சட்டியோடு கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து புள்ள" என்பார். கடையிலிருந்து வாப்பா என்ன பெரிய மீன் அனுப்பினாலும் அதன் தலை இவருக்குத்தான். புதுமாப்பிள்ளைக்கு அதைவிட மரியாதை உம்மாவுக்குத் தெரியாது. பீங்கான் துடைத்தாற்போலத் திரும்பி வரும், முள்கூட மிஞ்சாது. உம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். எங்கள் வீட்டில் வால் பாதி அறுந்த பூனை ஒன்று இருந்தது. ஆரையும் அண்டவிடாத அந்தச் சனியன், சாப்பாட்டு நேரம் மட்டும் இவருடைய காலடியை விட்டு அசையாது. எவ்வளவு இரக்கமான மனிசன் என்று தங்கச்சிமார் இரண்டு பேரிடமும் பெருமையடித்தேன்.

உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. நான் கட்டியவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே தெரியாது. இவர் ஒரு தரமாவது வாய் திறந்து என்னோடு கதைக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அது நடக்காது. எந்தக் கதவைச் சாத்தினாலும் மறுபக்கம் ஒரு தங்கச்சி நிற்பாள்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. எனக்கு மூக்குக் கண்ணாடி எடுக்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லிக் கண்டிக்குப் போக அனுமதி வாங்கினேன்.

"ஹோட்டல்ல ஒரு றூம் எடுப்பம்" என்றேன்.

"ஹொஸ்டல் இரிக்கி. நம்மட ஆக்கள் எல்லாரும் அங்கதான் நிக்கிற. பக்கத்தில தொழப் பள்ளி, சாப்பாடும் ஹலால்" என்றார், குசுகுசுப்பில்.

"அங்க ஆம்புளைகள் ஒரு பக்கம், பொம்புளைகள் ஒரு பக்கமாமே?"

"ஓம்."

"அப்ப நான் உங்களோட கண்டிக்கு வாறனா, தனியக் கண்டிக்குப் போறனா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவுச் சீலை பதில் சொன்னது. "புள்ள, ஹோட்டல் எல்லாம் நமக்குச் சரிவராது. அங்க ஆரு ஆரு வருவாங்களோ, என்னென்ன குடிப்பாங்களோ. மருமகன் சொல்றதுதான் சரி." சீலைக்கும் காது இருந்தால் நான் என்ன செய்ய? தோற்றுப்போனேன்.

விடிய வெளிக்கிட்ட பஸ்ஸில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் இருந்தேன். யுத்த காலம் என்பதால் வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய்த் திரும்ப ஏறினோம். ஏறும்போதெல்லாம் "பசிக்குதா?" என்று கேட்டார். கேட்கும்போதெல்லாம் "இல்ல" என்றேன். பச்சைப் பொய். கோபம் வந்தால் எனக்குப் பசி இரண்டு மடங்காகும். கடைசியில் மஹியங்கனை வளைவுகளில் பஸ் ஏறும்போது உம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை நானே பிரித்து முக்கால்வாசியைத் தின்றேன்.

ஹொஸ்டல் ஒரு பழைய பெரிய வீடு. நடுக் கூடத்தை ஒரு பலகைத் தடுப்பால் இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள் என்று ஆறு ஆறு கட்டில் போட்டிருந்தார்கள். வாசல் வேறு வேறு. தடுப்பு முகடு வரைக்கும் போகவில்லை, மேலே காற்றுக்கு இடம் விட்டிருந்தது. என் பக்கத்துக் கட்டிலில் மூதூரிலிருந்து வந்த, என்னைவிட மூத்த ஒரு ராத்தா. மகனுக்கு ஆஸ்பத்திரியில் சின்ன ஒப்பரேஷன் முடிந்து, வீட்டுக்கு அனுப்பும்வரை புருசனோடு காத்திருந்தார். வெற்றிலை வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, "இஞ்சாருங்க, வெத்தில!" என்பார். தடுப்புக்கு மேலால் வெற்றிலைச் சுருள் பறந்து வந்து கட்டிலில் விழும். முதல் தரம் அது என் தலையில் விழுந்தது.

"உன்ட மாப்பிள எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்ல மனிசன். வாய்தான் இல்ல."

"அல்லாஹ்வே! வாயில்லாத புருசனா? எனக்குத் தாவன், ஒரு கிழமைக்கு வச்சிரிந்திட்டுத் தாறன்" என்றார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக வயிறு நோகச் சிரித்தேன்.

அடுத்த நாள் காலையில் கண்ணாடிக்குக் கண் காட்டிவிட்டு வந்தோம். பகல் ளுஹர் தொழுது சாப்பிட்ட கையோடு மழை பிடித்தது. கண்டி மழை, விடுகிற எண்ணமே இல்லை. ஆண்கள் பக்கத்தில் ஆரோ கதை சொல்லத் தொடங்கினார். கணீரென்ற குரல், மழைச் சத்தத்தையும் தாண்டிக்கொண்டு வந்தது.

"என்ட கூட்டாளி ஒருத்தன், கடலோரத்து ஊர் ஒண்டில கலியாணம் கட்டினான். அவனுக்கு மீன் தலையக் கண்டாலே வயித்தப் பிரட்டும். அது கண்ண முழிச்சி அவனையே பாக்குமாம். மாமியாரோ நாளுக்கு ஒரு தலை! திங்கள் பாரைத் தலை, செவ்வாய் கொடுவாத் தலை, புதன் சூரைத் தலை. வேணாம் எண்டு சொல்லவும் ஏலா, திங்கவும் ஏலா. புதுமாப்பிள!"

அந்தப் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். இந்தப் பக்கம் ராத்தா வாய்க்குள் கிடந்த வெற்றிலையைக் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிக்கொண்டார். அந்தக் குரல் மாமியாரைப் போலவே இழுத்துக் காட்டியது: "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து புள்ள!" எந்த ஊரிலும் மாமிமார் ஒன்றுதான் என்று சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு மனிசனைக் கட்டியவள் கொடுத்து வைத்தவள் என்று ராத்தாவிடம் சொன்னேன். பொறாமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல.

"கடைசியில அல்லாஹ் அவனுக்கு ஒரு உதவியாள அனுப்பினான். ஒரு பூனை. பாதி வால்தான். ஆனா வேலையில முழு ஆள்! மேசைக்குக் கீழ அவன் தலையக் குடுப்பான், அது முள்ளையும் மிச்சம் வைக்காது. இப்ப அந்தப் பூனைக்கு நடக்க ஏலா, அவ்வளவு கொழுப்பு. மாமியார் சொல்றாவாம், மருமகன் வந்த ராசி எண்டு!"

சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார். பலகை அதிர்கிற சிரிப்பு.

என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. பாதி வால். எழும்பினேன். செருப்பைக் கழற்றினேன். பலகையில் ஓங்கி மூன்று அடி அடித்தேன்.

"மச்சான்! எங்கட பூனைய நாசமாக்கினது நீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு கட்டில் கிறீச்சென்றது. பிறகு ராத்தாவின் புருசன் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, உங்கட கூட்டாளிர பொஞ்சாதி கூப்பிடுறா."

இரண்டு பக்கமும் சேர்ந்து எழும்பிய சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ராத்தா கட்டிலில் விழுந்து உருண்டார். நான் மட்டும் வெளி விறாந்தைக்குப் போனேன். அவர் பேயறைந்தவரைப் போல வந்து நின்றார்.

"எங்கட உம்மாவ ஊருக்கெல்லாம் பகிடி பண்றீங்களா?"

"இல்ல... மாமிய எனக்கு விருப்பம்." பழையபடி குசுகுசுப்பு.

"அப்ப என்னட்டச் சொல்லியிருக்கலாமே? இவ்வளவு சத்தமாச் சிரிக்கத் தெரிஞ்ச ஆள், எனக்கு மட்டும் ஏன் இருமிக் காட்டுறீங்க?"

"உங்கட வீட்டில எந்த மூலையில நிண்டு சொல்ற?" என்றார். பிறகு, பெரிய தியாகம் செய்பவரைப் போல, "சரி, ஹோட்டலுக்குப் போவம்" என்றார்.

வென்றுவிட்டேன்! மழை விட்டதும் கண்டி வாவிக்கரையில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்தோம். வெள்ளைப் படுக்கை விரிப்பு, கவிழ்த்து வைத்த இரண்டு கண்ணாடிக் குவளைகள், பித்தளை வில்லை கட்டிய சாவி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இனித் தங்கச்சிமார் இல்லை, சீலை இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டில் விளிம்பில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு முன் அறையில் இருப்பது போலவே இருந்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார், குசுகுசுப்பில்.

யா அல்லாஹ்! அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு பேருக்கு நடுவில் கணீரென்று கதைக்கிற மனிசனுக்கு, என்னோடு தனியே இருந்தால் வாய் வரவில்லை. அப்படியென்றால் குறை எங்கள் வீட்டுச் சுவரில் இல்லை, என்னிடம்தான். அதை அப்படியே கேட்டுவிட்டேன்.

அவர் பதறிப்போனார். ஒரு குவளையை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி என் கையில் தந்தார். "உங்களிட்ட ஒரு குறையும் இல்ல" என்றார். "ஹொஸ்டல்ல ஒருத்தரும் வீட்டுக்காரர் இல்ல. எல்லாரும் வந்த ஆக்கள். உங்கட வீட்டில வந்த ஆள் நான் மட்டுந்தான். இஞ்சயும் கீழ இரிக்கிறவர் எழும்பி நிண்டு 'சேர்' எண்டுறார். எனக்கு அப்பிடி ஆரும் எழும்பி நிண்டா, வாய் ஒட்டிக்கிது."

நான் அழுதேன். நாலு மாதமாக இந்த மனிசனுக்குத் தனி மேசை, தனிப் பீங்கான், தனித் தலை என்று மரியாதை செய்து செய்து வாயைக் கட்டியவர்கள் நாங்கள்தான். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் பித்தளை வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹொஸ்டலுக்கே போனோம். நான்தான் போவோம் என்றேன். "பூனைக்காரி வந்திட்டா!" என்று ராத்தா கூவினார். இன்னும் இரண்டு நாள் அங்கே நின்றோம். தடுப்புக்கு மேலால் என் மனிசன் எனக்குத் தோடம்பழம் எறிவார், நான் தோலைத் திருப்பி எறிவேன். "இஞ்ச புள்ள!" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். "நீங்க" கண்டி மழையோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

எங்கே போனது? ஊருக்கு வந்து வாசற்படி ஏறியதும் மனிசன் மறுபடியும் இருமத் தொடங்கினார். முன் அறை, மேசை, சீலை, பாரைத் தலை. பூனை வந்து காலடியில் குந்திக்கொண்டது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். எட்டாம் நாள் பகல், உம்மா கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த நேரம், மேசையிலிருந்த அவருடைய பீங்கானை எடுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனேன். பாயை விரித்து எல்லோருக்கும் ஒன்றாகச் சோறு போட்டேன்.

"வாங்க. இனி இஞ்சதான்" என்றேன். தங்கச்சிமார் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அவர் கூச்சத்தோடு வந்து பாயின் ஓரத்தில் இருந்தார். அவருக்கு வால் துண்டைப் போட்டேன். தலையை எடுத்து என் பீங்கானில் வைத்துக்கொண்டேன்.

பூனை வழக்கம்போல அவரிடம் போனது. காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. அவருடைய தொடையில் ஒரு காலை வைத்து, கடன் கேட்டு வந்தவனைப் போல முகத்தைப் பார்த்து, "மியாவ்" என்றது. பிறகு அவருடைய பீங்கானுக்குள் எட்டி, வால் துண்டைப் பார்த்து, திரும்ப அவரைப் பார்த்தது. அவர் அடக்கித்தான் பார்த்தார். முடியவில்லை. கண்டியில் பலகை அதிர்ந்த அதே சிரிப்பு, எங்கள் குசினியில், ஓடு கிளம்புகிற மாதிரி வெடித்தது. தங்கச்சிமாரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சோறு புரையேறியது.

கிணற்றடியில் வாளி தொபுக்கென்று விழுந்தது. உம்மா சீலைத் தலைப்பை அவசரமாகத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பின்வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்:

"ஆரு புள்ள வந்திரிக்கிற?"

"ஒருத்தரும் வரல்ல உம்மா" என்றேன். "எல்லாம் வீட்டு ஆக்கள்தான்."