புதுசுக்கு மட்டும் டாக்ஸி

என் சித்தி ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் பெயரைக் கேட்டு உட்கார வைத்து, முறை வந்ததும் உள்ளே அனுப்புவது அவள் வேலை. பல்வலிக்காரர்களில் பாதிப் பேர் உள்ளே கேட்கும் சத்தத்துக்கே எழுந்து ஓடிவிடுவார்களாம். அவர்களைப் பேச்சுக் கொடுத்தே நாற்காலியில் பிடித்து வைப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பாள். கோடை விடுமுறை வந்தால் மட்டும் காலை வேளைகளில் அவளை அங்கே பார்க்க முடியாது. எங்கள் குடியிருப்பின் சமூகக் கூடத்தில், கழுத்தில் விசிலோடு, ஒரு பெருங்கூட்டம் பிள்ளைகளுக்கு நடுவில் நிற்பாள்.

யாரும் அவளை நியமிக்கவில்லை. ஒரு விடுமுறையில் மாடிப்படியில் ஏறி இறங்கிக் கூச்சல் போட்ட பிள்ளைகளை அதட்ட வெளியே போனவள், அவர்களைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் விளையாட வைத்துவிட்டு மதியம்தான் திரும்பினாள். மறுநாள் பிள்ளைகள் "டீச்சர்!" என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டினார்கள். அப்படித் தொடங்கியதுதான். வரைவது, காகிதம் வெட்டுவது, கயிறு தாண்டுவது, மேசைப் பந்து, வாரக் கடைசியில் வாடகை பஸ் பிடித்து எங்கேயாவது ஒரு வெளிப்பயணம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்தக் கூடம் பெரிய நிம்மதி.

"வீட்டுல சாவிய எங்க வெச்சோம்னு தெரியாது, ஊரு பிள்ளைங்களப் பாத்துக்க வந்துட்டா" என்று சித்தப்பா கிண்டல் செய்வார்.

"சாவிக்குக் கால் இல்ல, நான்தான் தொலைக்கிறேன், சரி. ஆனா பிள்ளைங்க விஷயத்துல என் கையிலேர்ந்து ஒரு சட்டைப் பொத்தான்கூடத் தொலைஞ்சதில்ல" என்பாள் சித்தி. அது வெறும் பேச்சில்லை. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். தலை எண்ணுவதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "தலை ஒரு இடத்துல நிக்குமா? ஒண்ண ரெண்டு தடவ எண்ணிட்டு இன்னொண்ண விட்டுடுவோம்." அதனால் வெளியே போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. கிளம்புமுன் விசில் ஊதி "ஜோடி!" என்று கூப்பிடுவாள். ஜோடி பக்கத்தில் இருந்தால் கோத்த கையைத் தூக்கி "இருக்கு!" என்று கத்த வேண்டும். இல்லையென்றால் "இல்ல!" ஒரே ஒரு "இல்ல" கேட்டாலும் பஸ் நகராது.

அந்த வருடம் விடுமுறை பாதி கடந்தபின் ஒரு சின்னப் பெண் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்தார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா இல்லை. அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, சித்தியும் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் முன்பே ஜோடி அமைந்திருந்தது. புதுசு மட்டும் கூடத்தின் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ டீச்சரோட ஜோடி, வா" என்று சித்தி கையை நீட்டினாள்.

புதுசின் முகம் எப்படி மாறியது என்று அன்றைக்கு மாலையே சித்தி எங்கள் வீட்டில் நடித்துக் காட்டினாள். ஜோடி கூப்பிடும்போது சித்தியின் கையையும் சேர்த்துத் தூக்கி, கூட்டத்திலேயே உரக்கக் கத்துவது புதுசுதானாம்.

அடுத்த வெளிப்பயணம் பொது நீச்சல் குளத்துக்கு. பெரிய பிள்ளைகள் தண்ணீரில், சின்னவர்கள் முழங்கால் ஆழத் தொட்டியில். திரும்புகிற நேரத்தில் ஒருவனுக்குச் செருப்பு காணோம், இன்னொருத்திக்கு மூக்கில் தண்ணீர் ஏறி அழுகை, மூன்றாவது ஆள் ஈரத் துண்டோடு பஸ் சீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம் திட்டு வாங்கினான்.

"என்ன டீச்சர், எல்லா மூட்டையும் ஏறியாச்சா? பின்னால வண்டிக்காரன் ஹாரன் அடிச்சே என் காது போயிடும் போல" என்றார் டிரைவர்.

சித்தி ஒரு கையில் யாருடைய செருப்பையோ, மறு கையில் அழுகிறவளையும் பிடித்துக்கொண்டு, வாயில் விசிலை வைத்து ஊதினாள். "ஜோடி!"

பஸ் முழுக்க "இருக்கு!" ஒரு "இல்ல"கூட இல்லை.

எப்படி இருக்கும்? புதுசு வரவில்லை என்று கத்த வேண்டிய ஜோடி சித்திதானே.

குடியிருப்புக்கு முன்னால் இறங்கி, சாலையைக் கடக்கப் பழக்கத்தில் இடது கையைப் பின்னால் நீட்டியிருக்கிறாள். யாரும் பிடிக்கவில்லை. பிள்ளைகளைக் கூடத்தில் விட்டு, அழைத்துப்போக வந்திருந்த ஒரு அம்மாவிடம் "ஒரு பை விட்டுப்போச்சு, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தாள். ஒரு பை. அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

புதுசு உடை மாற்றும் அறையின் வாசற்படியில், காலுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தடி தள்ளித் தண்ணீர். அழவில்லை. சித்தியைப் பார்த்ததும்தான் உதடு பிதுங்கியது.

"எல்லாரும் போயிட்டாங்களா டீச்சர்?"

'மறந்துட்டேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வந்துவிட்டது.

"அவங்கள விட்டுட்டு உன்ன மட்டும் தனியா டாக்ஸியில கூட்டிட்டுப் போலாம்னுதான்டா. நீ என் ஜோடி இல்லையா?"

பிதுங்கிய உதடு அப்படியே சிரிப்பாக மாறியது. வழியில் நிறுத்தி ஜூஸும் வாங்கிக் கொடுத்தாள்.

பொய் அதோடு முடிந்திருந்தால் மனதுக்குள்ளேயே புதைத்திருப்பாள். ஆனால் புதுசு அதை ஊரெல்லாம் சொன்னாள். டாக்ஸியின் நிறம், உள்ளே இருந்த வாசனை, தான் முன்சீட்டில் உட்கார்ந்தது, டீச்சர் தன் தலையைத் துவட்டிவிட்டது. யாரும் கண்டுகொள்ளாத பெண்ணைச் சுற்றி இப்போது கூட்டம். இரண்டு நாள் கழித்து அவள் அப்பா கருவிப் பையோடு கூடத்துக்கு வந்து, வருடக்கணக்காகக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஏணி போட்டு ஏறிச் சரிசெய்தார்.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?"

"என் பொண்ணுக்காக நீங்க தனியா டாக்ஸி எடுத்துட்டு வந்தீங்களாமே. இது என்ன பெரிய விஷயம்?" என்றார், ஏணியிலிருந்து இறங்காமலே.

சித்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அது ஒரு வசதி என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கூசியது.

அன்று மாலை துணி மடித்தபடி இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். "பட்டதாரி, நீதான் சொல்லேன். இப்போ போய் உண்மையச் சொன்னா அந்தப் புள்ள மனசு என்ன ஆகும்? சொல்லலன்னா நான் என்ன ஆவேன்?" எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதால் எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறாள். "பாத்துக்கலாம் சித்தி" என்றேன். படிக்காமலே சொல்லியிருக்கக்கூடிய பதில்தான். அவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இன்னொரு பக்கம் யாருக்காவது வலிக்கும் என்ற சிக்கல் இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

சித்தப்பா வழக்கம்போல் பொத்தானை வைத்துக் கிண்டல் செய்தபோது, "போதும் விடுங்க" என்று எழுந்துபோய்விட்டாள். அவர் என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் என்னைப் பார்த்தார்.

அடுத்த பயணம் ஏரிக்கரைப் பூங்காவுக்கு. இந்தமுறை சித்தி யாருக்கும் காரணம் சொல்லாமல் தலைகளையும் எண்ணினாள். கிளம்பும் நேரம், "ஜோடி!" எல்லாப் பக்கமும் "இருக்கு!" ஆனால் தலைக்கணக்கில் இரண்டு குறைந்தது. மறுபடி எண்ணினாள். அப்போதும் இரண்டு குறைந்தது.

எப்போதும் தொண்டை கிழியப் பேசுவதால் மைக் என்று பெயர் வாங்கிய பையனும், முழங்காலில் எப்போதும் புண்ணோடு திரியும் அவன் ஜோடி முட்டியும் இல்லை. ஜோடியாகவே காணாமல் போனால் "இல்ல" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

டிரைவர் ஒரு பக்கம் ஓடினார். சித்தி தண்ணீரை ஒட்டி ஓடினாள். கரையில் பழுதுபார்ப்பதற்காக ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் அடியிலிருந்து சிரிப்பு கேட்டது. குனிந்து பார்த்தால் இருவரும் சேற்றில் குந்தியிருந்தார்கள்.

"டாக்ஸி வந்துடுச்சா டீச்சர்?" என்றான் மைக்.

"என்ன டாக்ஸி?"

"புதுசு மட்டும் வரிசையில வராம உக்காந்திருந்தா, அவளுக்கு டாக்ஸி, ஜூஸ் எல்லாம் குடுத்தீங்க. நாங்க மட்டும் இளிச்சவாயனுங்களா?"

அடிக்க ஓங்கிய கையைச் சித்தி தன் வாய்மேலேயே வைத்துக்கொண்டாள். படகு ஒரு கட்டையின்மேல் சாய்ந்து நின்றது. கட்டை சறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருவரையும் வெளியே இழுத்தாள்.

எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிரைவர் சீட்டுப் பக்கத்தில் நின்று பேசினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு நீச்சல் குளத்துல புதுச டாக்ஸியில கூட்டிட்டு வரணும்னு நான் நினைக்கவே இல்ல. அவள விட்டுட்டு வந்துட்டேன். மறந்துட்டேன். அப்புறம் தெரிஞ்சு ஓடினேன். தனியா கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்னு அவகிட்டப் பொய் சொன்னேன்."

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் புதுசைப் பார்த்தார்கள்.

"டீச்சர் பொய் சொல்லுவாங்களா?" என்றாள் ஒரு குட்டிப் பெண், யாரிடம் என்றில்லாமல்.

"சொன்னேன்டா."

புதுசு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். சித்தி அவளிடம் போய்க் குனிந்தாள். திரும்பாமலே அந்தப் பெண் கேட்டாள்.

"அப்போ அந்த ஜூஸ்?"

"அதுவும் அந்தப் பொய்யோட சேர்ந்ததுதான்."

புதுசு தலையை ஆட்டினாள், கணக்கு சரிதான் என்பதுபோல. பிறகு எழுந்துபோய் மைக்குக்கும் முட்டிக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் இடம் விட்டார்கள்.

அன்று எல்லாப் பெற்றோரும் வந்து போகும்வரை சித்தி காத்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் ஏரிக்கரையில் நடந்ததையும் குளத்தில் நடந்ததையும் சொன்னாள். சிலர் "இதெல்லாம் சகஜம் டீச்சர்" என்றார்கள். சிலர் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். மைக்கின் அம்மா அங்கேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "அவன அடிக்காதீங்க, இது என் தப்பு" என்று சொன்னபோது அந்த அம்மா சித்தியைப் பார்த்த பார்வைக்கு, தனக்கும் ஒன்று வைத்திருந்தால் தேவலை என்றிருந்ததாம்.

லிஃப்ட் மெக்கானிக்தான் கடைசி. சித்தி சொல்லி முடிக்கும்வரை கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"தண்ணி பக்கத்துலயா இருந்தா?"

"ஆமாங்க. வாசப்படியில."

"அவளுக்கு நீச்சல் தெரியாது."

"எனக்கும் அது தெரியுங்க."

மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று சித்தி காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார் மெதுவாக. "கூட வேலை செய்யறவங்ககிட்ட. எங்க அக்காகிட்ட போன்ல. எம்பொண்ண அப்படிப் பாத்துக்கறாங்கன்னு. இப்போ ஒவ்வொருத்தர்கிட்டயா போய் எப்படி இல்லன்னு சொல்றது?"

தன் பொய்யைப் பற்றித்தான் சித்தி அத்தனை நாளும் கூசிக்கொண்டிருந்தாள். அதை இன்னொருவர் சந்தோஷமாக வாங்கிப்போய் வீடுவீடாகக் கொடுத்திருப்பார் என்று நினைக்கவே இல்லை.

"நாளைக்கு அனுப்புவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவளக் கேக்கறேன்."

இரண்டு நாள் புதுசு வரவில்லை. அந்த இரண்டு நாளும் கூடத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் சித்தி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் புதுசு வந்தாள். சித்திக்கு வணக்கம்கூடச் சொன்னாள். ஆனால் பக்கத்தில் வரவில்லை. அவளுக்கும் மைக்குக்கும் முட்டிக்கும் ஏதோ ரகசியச் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜோடி முறையைச் சித்தி கைவிட்டாள். இப்போது மூன்று மூன்று பேராகக் குழு, அதன்மேல் தலைக்கணக்கு, அதை இரண்டு பெரியவர்கள் தனித்தனியாக எண்ண வேண்டும். எந்தக் குழுவிலும் சித்தி இல்லை.

இரண்டாவது பெரியவராக யாரைக் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் மெக்கானிக்கே வந்தார். "அடுத்த தடவ போறப்போ சொல்லுங்க. லீவு போட்டு நானும் வரேன்." மிரட்டலாகச் சொல்லவில்லை. உதவியாகச் சொன்னார் என்றும் சித்தியால் நம்பமுடியவில்லை.

விடுமுறையின் கடைசிப் பயணத்தில் அவர் வந்தார். திரும்பும்போது சித்தி எண்ணி முடித்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு அவர் பஸ்ஸின் கடைசி வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு முன்னே வந்தார். தன் மகளையும் மற்றவர்களைப் போலவே தொட்டுவிட்டு நகர்ந்தார்.

"அங்கிள், டீச்சரையும் எண்ணுங்க! அவங்களே அவங்கள மறந்துடுவாங்க!" என்று பின்னாலிருந்து கத்தினான் மைக்.

பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் சிரித்தார். அதில் புதுசின் சிரிப்பும் இருந்தது, தனியாகக் கேட்டது. காலடிச் சத்தம் சித்தியின் சீட்டுக்குப் பின்னால் வந்து ஒரு கணம் நின்றது. அவள் திரும்பவில்லை, விசிலைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "சரியா இருக்கு, போலாம்" என்றார் அவர் டிரைவரிடம். அந்தக் கணக்கில் தான் இருந்தோமா என்று சித்தி கேட்கவில்லை.