டெல்மாவின் முதல் எண்

பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்மா பாஸ்கோவுக்கு அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே சிரிப்பு அடங்கவில்லை. வாக்குச்சாவடி வாசலில் ஆரஞ்சு சட்டையில் அவள். எதிரே பச்சைச் சட்டையில் அவள் கணவன் கெல்வின். காடு காக்கும் சின்னக் கட்சியின் வேட்பாளரே அவன்தான். இத்தனை காலம் அவனுக்காகத் துண்டுச்சீட்டு கொடுத்தவள், இந்த முறை ஆரஞ்சு அணி வேட்பாளர் ஃபியோனா ட்ராஸ்க் பக்கம் வந்துவிட்டாள்.

காரணம் பேத்தி. ஊர் மருத்துவமனையில் பிரசவ வார்டை மூடியதால், நகரத்துக்குப் போகும் வழியில் காரிலேயே பிறந்தவள். வார்டைத் திறக்க வைப்பேன் என்று ஃபியோனா சொல்லியிருந்தாள். ஆனால் காட்டைப் பற்றிக் கேட்டால், "கொஞ்சம் வெட்டலாம், கொஞ்சம் விடலாம்" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் டெல்மாவுக்குப் பல் கூசும்.

"என்னடி, பாதி மரத்துக்கு ஓட்டு கேக்கறியா?" என்றான் கெல்வின்.

"நீ முழுக் காட்டுக்குக் கேட்டு என்னத்தக் கிழிச்சே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கே வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும்; சுற்றுக்குச் சுற்று கடைசியாக வருபவரை விலக்கி, அவருக்கு ஒன்று போட்டவர்களின் ஓட்டை அவர்கள் இரண்டு போட்டவருக்கு மாற்றுவார்கள். கெல்வின் குரலைத் தாழ்த்தினான். "டெல், எனக்கு ஒண்ணு போட்டு அவளுக்கு ரெண்டு போடேன். நான் தோத்ததும் உன் ஓட்டு அவகிட்டதானே போகும்?"

"முதல் சுத்துலயே அவ உனக்கும் கீழ கடைசியா வந்துட்டா? வெளிய தள்ளிடுவாங்கய்யா. அடுத்து நீயும் போனா, மத்த ரெண்டு வேட்பாளருங்க, அந்தச் சுரங்கக்காரனும் பழைய எம்.பி.யும்தான் மிஞ்சுவாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே போய்ப் பென்சிலை எடுத்ததும் கை தானாகக் கெல்வின் பெயருக்கு நேரே ஒன்று போட்டது. பழக்கமா, பாசமா? பேத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. அதிகாரியிடம் போய், "தப்பாப் போட்டுட்டேன் தம்பி, வேற சீட்டு குடு" என்றாள். இந்த முறை ஃபியோனாவுக்கு ஒன்று, கெல்வினுக்கு இரண்டு.

வெளியே கெல்வின் ரொட்டியில் சுருட்டிய சாசேஜ் இறைச்சியோடு காத்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் தன் வாய் நிற்காது என்று அவளுக்குத் தெரியும், நிற்கவுமில்லை.

"உனக்கு ரெண்டுதான் போட்டேன், மன்னிச்சுக்கோ."

கெல்வின் சாசேஜையே பார்த்தான். காது சிவந்தது.

"நானும்தான்," என்றான்.

"என்ன நீயும்?"

"காலைல பேத்தி போட்டோவப் பாத்துட்டு வந்தேன். எனக்கே ரெண்டுதான் போட்டேன்."

டெல்மா சிரித்த சிரிப்பில் துண்டுச்சீட்டெல்லாம் காற்றில் பறந்தன. பச்சையும் ஆரஞ்சுமாக, வேட்பாளரே ஓடி ஓடிப் பொறுக்கினார்.




"நாளைக்கு ஃபியோனா ஜெயிச்சு மரத்துல கைய வச்சா?" என்றான் மூச்சிரைக்க.

"பஸ்ஸக் குறுக்க நிறுத்தறேன். நீ மேல ஏறிக் கத்து."