பூக்கைக்குப் பக்கத்து நாற்காலி

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவள். ஊசி ஒன்றே, பஞ்சு ஒன்றே, சம்பளமும் ஒன்றே. ஆனால் ஊருக்கெல்லாம் அவள் பூக்கை, நான் முரட்டுக்கை.

இந்தப் பட்டத்தை எனக்கு வாங்கித் தந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். ஒன்பது வருடம் ஆகிறது. வெறும் வயிற்றோடு வந்தவர், நான் ஊசியைக் கையில் எடுத்ததுமே கண் செருகி விழுந்தார். ஊசி அவர் தோலைத் தொடக்கூட இல்லை! "என்ன முரட்டுக்கைம்மா இது!" என்று அவர் மனைவி போட்ட கூச்சல், சாயங்காலத்துக்குள் வாசல் காவலாளி வரை போய்விட்டது. மறுநாள் அந்தப் பக்கத்து நாற்காலிக்கு இவள் வேலைக்குச் சேர்ந்தாள். அதே மனுஷன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து இவளிடம் கையை நீட்டினார். "பூ வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயில் சீட்டு ஒட்டும்போது பெயர், வயது, நேரம் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறோம். மனுஷிமேல் ஒட்டும்போது மட்டும் ஒருத்தருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அவள் பக்கம் வரிசை வாசல்வரை நிற்கும். என் பக்கம் அவசரக்காரர்களும் விஷயம் தெரியாதவர்களும் வருவார்கள். அவள் புதிதாக ஒரு கிளிப் குத்திக்கொண்டு வந்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் கொடுமை என்னவென்றால், நரம்பு தெரியாத கை வந்தால் அவளுக்குக் கை ஓடாது. "கண்ண மூடிக்கிட்டு நூறுலேருந்து பின்னாடி எண்ணுங்க" என்பாள். எனக்குக் கேட்கும்படி தட்டில் டொக் டொக்கென்று தட்டுவாள். நான் திரையை விலக்கிப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, நோயாளி எழுபதுக்கு வருவதற்குள் திரும்பிவிடுவேன். கண்ணைத் திறந்தவர் அவளுக்கு நன்றி சொல்வார். பாவம், குத்துப்படுகிறார்களே என்று ஒருநாள் போனது, பழக்கமாகிவிட்டது. "நீங்க இல்லன்னா நான் அவ்வளவுதான்க்கா" என்று குழைவாள். அதுவும் திரைக்குப் பின்னால் மட்டும்.

அடுத்த மாதம் மாடியில் குழந்தைகள் பிரிவு திறக்கிறார்கள். ஒருத்திக்குத்தான் இடம். பெரிய டாக்டர்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். பிஞ்சுக் கையில் நரம்பு பிடிப்பது எனக்குக் கைவந்த வேலை. அந்த இடம் எனக்கு வேண்டும்.

போன திங்கட்கிழமை பெரிய டாக்டரின் மனைவி வந்தார். நேராகப் பூக்கையிடம் போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் குத்து. "ஸ்ஸ்!" இரண்டாவது. "அம்மா!" பிறகு "கண்ண மூடிக்கிட்டு எண்ணுங்கம்மா", டொக் டொக். நான் அசையவில்லை. நன்றாக மாட்டினாயா என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம். மறுபடியும் டொக் டொக். அந்த அம்மாள் விசும்பத் தொடங்கினார். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை, எழுந்து போனேன். ஆனால் இந்த முறை சத்தமில்லாமல் திரும்புவதாக இல்லை.

"கண்ணத் தொறங்கம்மா. யாரு எடுக்கறாங்கன்னு நல்லாப் பாருங்க."

பூக்கையின் முகம் வெளுத்தது. அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. குழாய் நிறைந்ததும் அவர் கண்முன்னே சீட்டை ஒட்டி, பெயரை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

"வலிச்சுதாம்மா?"

"கொஞ்சங்கூட வலிக்கல!" என்றவர் சட்டென்று திரும்பிப் பூக்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன கைராசிம்மா ஒனக்கு! நீ ரெண்டு தடவ குத்தி வழி பண்ணி வெச்சதுல, இந்த முரட்டுக்கைக்குக்கூட நரம்பு கெடச்சிருச்சு பாரேன். இன்னைக்கே அவர்கிட்ட சொல்றேன். கொழந்தைங்களுக்கு நீதான் சரி."

அவர் போனதும் பூக்கை திரையை விலக்கி என் பக்கம் வந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"அக்கா, மாடியிலேருந்து தட்டினா ஒங்களுக்குக் கேக்காதே. நான் என்ன பண்ணுவேன்?"

"ஓடிப்போய் அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லுடி. இன்னும் வாசலத் தாண்டியிருக்க மாட்டாங்க."

அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள்.