லாண்டரி போர்ட்டில் ஏறிய இரண்டு எண்கள்

திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட். அங்கே நெட்வொர்க் பராமரிப்பு என் பொறுப்பு. ரிசார்ட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நெட்டைப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் சுவிட்ச்; ஒவ்வொரு பகுதிக்கும் அதில் ஒரு போர்ட். எந்த போர்ட்டில் எவ்வளவு டேட்டா டிராஃபிக் என்று காட்டும் மானிட்டர் பக்கத்தை மேனேஜர் பாஸ்கருக்குத் திறந்து கொடுத்ததுதான் வினை. மறுநாள் காலையே போனில் கத்தினார்.

"அண்ணா, லாண்டரி போர்ட்ல அவுட் எம்மாம் ஏறிக் கீது பாருங்க! கெஸ்ட் டேட்டாவ வெளிய அனுப்பிகினு கீறா. இன்னிக்கே ஆள மாத்தப் போறேன்."

லாண்டரியில் ஒரே ஆள்தான், செய்யூர்க்காரி கஸ்தூரி. அவள் வேலை போகப் போகிறது என்று தெரிந்ததும் செங்கல்பட்டிலிருந்து பைக்கை முறுக்கினேன்.

புதிதாகப் பார்க்கிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. சுவிட்ச் எதையும் தன் பக்கத்திலிருந்துதான் சொல்லும். அவுட் என்றால் சுவிட்ச்சிலிருந்து லாண்டரிக்குப் போனது. இன் என்றால் லாண்டரியிலிருந்து சுவிட்ச்சுக்கு வந்தது. இன்னொன்று, இதை எண்ணும் கவுன்டர் நம் வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி. சுவிட்ச்சை ஆன் செய்த நாளிலிருந்து கூட்டிக்கொண்டே போகும். மொத்த எண்ணைப் பார்த்து அலறிப் பிரயோஜனமில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு ரீடிங் எடுத்துக் கழித்தால்தான் இப்போது என்ன நடக்கிறது என்று தெரியும்.

பாஸ்கரைப் பக்கத்தில் உட்கார வைத்தே எடுத்தேன். இன், அவுட் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருந்தன.

"திருட்டுனா இன் மட்டும் எகிறும். சினிமா பார்த்தா அவுட் மட்டும். இது ரெண்டும் சேர்ந்து ஏறுது. வீடியோ காலா இருக்கும்" என்றேன்.

"டூட்டி நேரம் பூரா பேச்சா? அதுக்கே வூட்டுக்கு அனுப்பணும்" என்று எழுந்தார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. காப்பாற்ற வந்து நானே மாட்டிவிட்டேனோ என்று பின்னாலேயே ஓடினேன்.

லாண்டரியில் பேச்சுச் சத்தமே இல்லை. கஸ்தூரி படுக்கை விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் ஓர் ஆள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மலேசியாவில் நைட் ஷிப்ட் பார்க்கும் அவள் கணவர்.

"பேசல சார்" என்றாள் பயந்துபோய். "அது தூங்கிகினு கீது, நான் தேச்சிகினு கீறேன். கண்ணாலம் ஆனதுல இருந்து இதான் சார் எங்க குடித்தனம். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க."

பாஸ்கர் அடுக்கியிருந்த விரிப்புகளைப் பார்த்தார். எதுவும் பாக்கியில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாதாம்.

"அண்ணா, கெஸ்ட் லைனுக்குப் பேஜாரு இல்லாம இதுக்கு ஒரு ஸ்பீடு லிமிட் போட்டு வுட்டுடுங்க."

கவுன்டர் எவ்வளவு என்று சொல்லும், எதற்கு என்று சொல்லாது. அதற்கு நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும். இத்தனை வருடத்தில் நான் கற்றது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஜெர்மனியில் இருக்கும் என் மகளை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். அவளைப் பார்க்க அவ்வளவு ஏங்குவேன். பேச ஆரம்பித்தால் சாப்பிட்டியா, குளிரா என்பதற்கு மேல் எதுவும் வராது.

"சமைக்கப் போறேன்பா. அப்புறம் கூப்பிடட்டா?"

"கட் பண்ணாதம்மா. நீ பாட்டுக்குச் சமை. பேசவே வேணாம்."

அவள் போனை அடுப்பு மேடையில் நிறுத்திவிட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். நானும் எழுந்து அரிசி களைந்தேன்.