ஒரு நாய்க்கு மட்டும் காப்புறுதி

மகள் கலியாணம் முடித்து மெல்பேர்ணுக்குப் போனபோது இரண்டு நாய்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒன்று லாப்ரடோர், கொழும்பில் காசு கொடுத்து வாங்கியது. மற்றது கறுத்த ஊர்நாய். அவள் உயர்தரம் படித்த காலத்தில், புத்தூரில் ஒரு மதகடியில் குட்டியாகக் கிடந்ததைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். லாப்ரடோரை வருகிறவர் போகிறவர் எல்லோரும் தடவுவார்கள். கறுத்தது மகளைத் தவிர ஒருவரிடமும் போகாது. அவள் போன பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. நான் அதைக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு வரும், மீன் வெட்ட இருந்தால் இரண்டு முழம் தள்ளி இருக்கும்.

ஒருமுறை லாப்ரடோருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்ததிலிருந்து மகளுக்கு ஒரே யோசனை.

"அம்மா, இஞ்சை ஒருத்தரும் இன்சூரன்ஸ் இல்லாமல் நாய் வளர்க்கிறேல்லை. அங்கையும் இப்ப வந்திட்டுதாம். ரெண்டுக்கும் எடுங்கோ, நான் காசு அனுப்பிறன்."

காசும் வந்தது. எங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குக் காப்புறுதி போட்டுத் தந்த முகவரையே கூப்பிட்டோம். நாற்பது வயதிருக்கும், நெல்லியடிப் பக்கம், மூன்று பிள்ளைகளின் தகப்பன். உரும்பிராயில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, மூன்று திட்டங்களை விரித்து வைத்து விளங்கப்படுத்தினார். முதலாவது விபத்துக்கு மட்டும். இரண்டாவதில் வருத்தங்களும் சேரும். மூன்றாவதில் நாய் களவு போனாலும், ஆரையும் கடித்தாலும் காசு கிடைக்கும்.

"உவன் ஆரைக் கடிக்கப் போறான்? கள்ளன் வந்தாலும் வாலைத்தான் ஆட்டுவான்" என்றார் என் கணவர், லாப்ரடோரைக் காட்டி.

களவு போகலாம் என்ற பயத்தில் நான் மூன்றாவதைத் தெரிவு செய்தேன். முகவர் லாப்ரடோரின் படிவத்தை நிரப்பி முடித்து அடுத்ததை எடுத்தார். அதில் 'இனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. இந்த நாட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பி நிரப்பி எங்களுக்குக் கை பழகியதுதான். அன்றைக்கு நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

"ஊர்நாய்க்கும் போடலாம் அக்கா" என்றார் அவர். "டொக்டரின்ரை கடிதமும் தடுப்பூசி அட்டையும் வேணும். காதுக்குப் பின்னாலை ஒரு சிப் வைக்க வேணும். உங்களுக்கு அலைச்சலெண்டால் நானே ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு போய்வாறன்."

"தெருவிலை பொறுக்கினதுக்கும் இன்சூரன்ஸ் போட்டால் ஊர் சிரிக்கும் தம்பி. விடுங்கோ" என்றேன் நான்.

மூன்று பேரும் சிரித்தோம். கறுத்தது என் கதிரைக்குக் கீழே படுத்திருந்தது.

மகளிடம், "ரெண்டுக்கும் போட்டாச்சு" என்று சொன்னேன். மிச்சக் காசில் ஒரு கலியாண வீட்டுக்கென்று எனக்குச் சேலை எடுத்தேன். கணவருக்கும் தெரியும்.

அந்த மாரியில், ஒரு நாள் காலை, வெங்காயத் தோட்டத்து வேலியோரம் குவித்திருந்த ஓலைக்குள் லாப்ரடோர் மூக்கை விட்டது. உள்ளே கிடந்தது புடையன் பாம்பு. லாப்ரடோர் குளறிய சத்தம் கேட்டு நான் ஓடினேன். எனக்கு முன்னால் கறுத்தது ஓடியது. பாம்பைக் கவ்வி உதறி எறிந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல என்னிடம் வந்தது. அதன் மேல் உதட்டில் இரண்டு துளி இரத்தம் நின்றது. லாப்ரடோருக்கு முன்னங்காலில் கடி.

ஓட்டோ பிடித்து இரண்டையும் ஏற்றினோம். கறுத்தது வாகனத்தில் ஏறவே ஏறாது. அன்றைக்கு நான் ஏறியவுடன் தானும் பாய்ந்து ஏறியது.

மிருக வைத்தியர் இரண்டையும் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அம்மா, விஷத்துக்கு ஏத்திற மருந்து ஒரு நாய்க்குத்தான் காணும். கொழும்பிலையிருந்து எடுப்பிக்க நாளைக்காகும். எனக்கெண்டால் கறுப்புக்குத்தான் முதல் குடுக்க வேணும். கடி முகத்திலை, விஷம் கெதியா ஏறும். இப்ப குடுத்தால் தப்பும். மற்றது பெரிய உடம்பு, கடியும் காலிலை. கொஞ்சம் தாங்கும். ஆனால் நாளை வரைக்கும் தாங்குமோ எண்டு என்னாலை சொல்லேலாது."

நான் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை.

"பெரியதுக்குப் போடுங்கோ டொக்டர். அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு."

"மற்றதுக்கு?"

"அது ஊர்நாய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கடை நாயள். நீங்கள் சொல்லுறதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் லாப்ரடோரை மேசையில் ஏற்றச் சொன்னார்.

கறுத்தது சுவரோரம் ஆட்கள் இருக்கும் வாங்குக்குக் கீழே படுத்தது. அதன் முகம் வீங்கிக்கொண்டு வந்தது, பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. நான் வாங்கின் மற்ற நுனியில் போய் இருந்தேன். அது ஊர்ந்து ஊர்ந்து என் காலடிக்கு வந்தது. சேலைத் தலைப்பில் இரத்தம் படும் என்று நான் காலை இழுத்துக்கொண்டேன். பிறகு யாரோ கேட்டதற்கு நான் பதில் சொன்னபோது, என் குரலுக்கு அதன் வால் இரண்டு தரம் நிலத்தில் அடித்தது. மத்தியானத்துக்கு முதல் செத்துவிட்டது.

லாப்ரடோர் பிழைத்தது. கம்பனி ஒரு குறையும் சொல்லாமல், இரண்டு கிழமைக்குள் காசைத் தந்தது.

மகள் போனில் விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்த பிறகு கேட்டாள்.

"அதுக்கும் கிளெய்ம் வரும்தானே அம்மா? வந்தால் தெருநாயளைப் பாக்கிற ஆக்களுக்குக் குடுங்கோ. அதின்ரை பேரிலை ஏதாவது நடக்கட்டும்."

"அவங்கள் ஊர்நாய்க்குத் தர மாட்டினமாம்" என்றேன். வாயிலிருந்து அது அவ்வளவு இலேசாக வந்தது.

அவள் விடுகிற பிள்ளை இல்லை. கம்பனிக்கு எழுதினாள். இரண்டு நாய்க்கும் காசு கட்டியதாக எழுதினாள். கம்பனி தேடிப் பார்த்தது. ஒரு நாயின் பெயரில்தான் ஒப்பந்தம் இருந்தது. அப்படியென்றால் மற்ற நாயின் காசை முகவர் எடுத்துவிட்டார் என்று அவர்கள் முடிவு செய்து, அவரை வேலையிலிருந்து நிற்பாட்டி வைத்தார்கள்.

அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, நான் ஒண்டும் கேக்கேல்லை. ரெண்டாவது நாய்க்கு நீங்கள் காசு தரேல்லை எண்டு ஒரு கடிதம் மட்டும் தாங்கோ. கம்பனியிலை என்னைக் கள்ளன் எண்டு சொல்லுறாங்கள்."

மனைவி, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் கொடுத்தால் மகளுக்குத் தெரியவரும். "பிள்ளையோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் தம்பி" என்று அனுப்பினேன். மகளோடு கதைக்கவில்லை. அவர் மூன்று தரம் போன் எடுத்தார். நான்காம் தரம், "உமக்கென்ன, கெட்டிக்காரன், வேறை வேலை கிடைக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற கணவர் எழும்பிப் போய்ப் பேனையை எடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்து வைத்தார். கம்பனிக்கு ஒன்று, அதையே படம் பிடித்து மகளுக்கு ஒன்று. முப்பது வருடத்தில் என்னைக் கேளாமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான். கம்பனி அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டது என்று கேள்வி. ஆனால் அவர் அந்த வேலைக்குத் திரும்பிப் போகவில்லை.

மகள் எனக்குப் போன் எடுத்தாள். சேலையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்து அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"டொக்டர் எதுக்கு முதல் மருந்து குடுக்கச் சொன்னவர்?"

"கறுத்ததுக்கு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். பிறகு, "அப்பாட்டைக் குடுங்கோ" என்றாள்.

இப்போது ஞாயிறு தோறும் அப்பாவின் போனுக்கு வீடியோவில் எடுக்கிறாள். கணவர் முற்றத்தில் இருந்து லாப்ரடோருக்கு முன்னால் போனைப் பிடிப்பார். அவள் அதனோடு கொஞ்சிக் கதைப்பாள். போன ஞாயிறு உடுப்புக் காயப்போட நான் அவர்களுக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. அவளுடைய குரல் நடுவில் நின்றது.

"அப்பா, போனை மற்றப் பக்கம் திருப்புங்கோ."

அவர் திருப்பினார்.